மோனிஷாவின் தொண்டை

மோனிஷா குமாரபாளையத்தில் வாயைத் திறந்தால் காவிரிக்கு அக்கரையில் இருக்கும் பவானிக்குக் கேட்கும் என்று அவள் தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் சொன்னவர்களை முழுப் பொய்யர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. அவள் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறித்தான் அவள் சோறு கேட்டாள், வாய்ப்பாடு ஒப்பித்தாள், கோபித்துக்கொண்டாள், சிரித்தாள். தொண்டை அப்படியே படிந்துவிட்டது. அதற்கு அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

இப்படி ஒரு தொண்டை இருப்பவள் மேடையேறி ஓட்டுக் கேட்டிருக்கலாம், ஜவுளிக்கடை வாசலில் நின்று தள்ளுபடி அறிவித்திருக்கலாம். அவள் போனதோ உளவியல் படிக்க. அப்பா கந்தப்பன் முதலில் தயங்கினார்.

"ஏங்கண்ணு, சைக்காலஜின்னா பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பா?"

"இல்லீங்கப்பா! பைத்தியம் புடிக்காம பாத்துக்கற படிப்பு!"

பதில் பக்கத்துத் தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்ததால் கந்தப்பன் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. மோனிஷா சேலத்தில் ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கி, அங்கேயே எம்.எஸ்ஸி.யும் சேர்ந்துவிட்டாள்.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடத்தில் களப்பயிற்சி உண்டு. மற்றக் கல்லூரிகளில் பிள்ளைகளைப் பெரிய மனநல மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மோனிஷாவின் ஆசிரியை ரஞ்சனி மேடத்துக்கு வேறொரு பிடிவாதம். உளவியல் படிக்கிற பிள்ளைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பழக வேண்டும் என்பார். "மனசு சரியில்லைன்னு சொல்லிக்கிட்டு யாரும் ஆஸ்பத்திரி வரிசையில நிக்க மாட்டாங்க. தலைவலின்னு நிப்பாங்க, கேஸ் டிரபிள்னு நிப்பாங்க, சுகர் குறையலைன்னு நிப்பாங்க. நாம அந்த வரிசைக்குப் போகணும்" என்பது அவர் வாதம். இதை அவர் வகுப்பில் சொன்னபோது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. சேலம் டவுனில் பிறந்த ரஞ்சனி மேடத்தின் குரல் அவ்வளவு மெல்லியது. பின்வரிசைக்கு மோனிஷா திரும்பி நின்று ஒலிபரப்பினாள்.

அந்த மெல்லிய குரலை வைத்துக்கொண்டே அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். "இங்க இருமலுக்குப் பாக்கவே ஆள் பத்தலை, நீங்க மனசுக்குப் பாக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு. கடைசியில் ஒரே ஓர் இடத்தில் கதவு திறந்தது. குமாரபாளையத்து ஓரத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே டாக்டராக இருந்த சபரிநாதன் நாமக்கல் பக்கத்து ஆள். இளவயது, கறாரான பேச்சு. "ஒரு மாசம் பாக்கலாம். ஆனா ரூம் கேக்காதீங்க, இல்லை" என்றார்.

தன் ஊருக்கே பயிற்சி என்று தெரிந்த அன்று மோனிஷா போட்ட சத்தத்தில் கல்லூரி வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார்.

முதல் நாள் அவள் நர்ஸுக்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. கூட இருந்த பயிற்சி மாணவன் சரவணக்குமார், திருச்செங்கோட்டுக்காரன், ஏதோ பரீட்சைக்கு வந்தவன்போல எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான். மோனிஷாவுக்கோ தேர்த்திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று வைத்த சுகர் நாள் என்றால் சும்மாவா! விடியும்போதே தெருவரை வரிசை நிற்கும். தறி ஓட்டுகிறவர்கள், நூல் சுற்றுகிறவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் பேச்சையும் யாரும் கேட்கமாட்டார்கள். மோனிஷாவுக்கு அது சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ரூம் இல்லை என்றதும் ரஞ்சனி மேடம் கண்டுபிடித்த வழி அழகானது. பிரஷர் பார்ப்பதற்கு முன் நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும் என்பது விதி. கூட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் அந்த விதி நடக்கிறது? வந்ததும் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தை மேடம் கேட்டு வாங்கினார். சுவரோரம் ஒரு பெஞ்சு. நோயாளி உட்காருவார், பக்கத்தில் பயிற்சி மாணவர் உட்காருவார். சும்மா இரண்டு வார்த்தை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மாத்திரை விழுங்க முடிகிறதா என்று. பெயர்ப்பலகை கிடையாது, 'மனநலம்' என்ற வார்த்தையே கிடையாது. பிறகு பிரஷர் பார்த்து, டாக்டரிடம் தேவையானதை மட்டும் சொல்லி அனுப்புவது. நர்ஸுக்கும் வேலை மிச்சம்.

இதற்காக மாணவர்கள் வாரக்கணக்கில் ஒருவரோடொருவர் பழகிப் பார்த்திருந்தார்கள். எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது, கேட்டுவிட்டு எப்படிக் காத்திருப்பது. கடைசியில் சொன்னதுதான் மோனிஷாவுக்குப் பெரும்பாடு. அவள் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலையும் அவளே சொல்லி, அதற்கு ஆறுதலும் சொல்லி முடித்திருப்பாள். எதிரே இருப்பவர் இன்னும் வாயையே திறந்திருக்கமாட்டார். "பேசறதை நிறுத்தினா உனக்கு என்ன ஆகுது மோனிஷா?" என்று ரஞ்சனி மேடம் கேட்டபோது, "பயமா இருக்குதுங்க மேடம்!" என்று உண்மையைச் சொன்னாள்.

ஆனாலும் பெஞ்சில் அவள் காரியம் நன்றாகவே ஓடியது. தறிச்சத்தத்தில் பாதிக் காது போனவர்களுக்கு அவள் குரல் வரப்பிரசாதம். சரவணக்குமாரின் கேள்விக்கு "என்னுங்க? என்னுங்க?" என்று கை குவித்துக் காதில் வைத்தவர்களெல்லாம் மெல்ல நகர்ந்து இவள் பக்கம் வந்தார்கள். ரஞ்சனி மேடம் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று, அடிக்கடி ரேடியோ திருகைக் குறைப்பதுபோல விரலைத் திருப்பிக் காட்டுவார். மோனிஷா தலையாட்டுவாள். குரல் அரை நிமிடம் இறங்கும், மறுபடி ஏறிவிடும்.

இரண்டாவது வாரம் வந்தார் பூவாத்தாள்.

ஐம்பது வயது தாண்டிய தறிக்காரப் பெண்மணி. அவரை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு தரமும் முன்னைவிட மோசமாக வருவதால் தெரியும்.

"ஏனுங்கம்மா, நானும் மாத்திரையை ஏத்திக்கிட்டே போறேன், சுகர் எறங்கவே மாட்டேங்குதே. சோத்தைக் குறைச்சீங்களா?"

"ஆமாங்க."

"நடக்கறீங்களா?"

"ஆமாங்க."

"மாத்திரை ஒழுங்கா சாப்புடறீங்களா?"

"ஆமாங்க."

சபரிநாதன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெஞ்சுப் பக்கம் கைகாட்டி, "மேடம், இவங்களை உங்க ஸ்டூடண்ட் பாக்கட்டும். அடுத்து இன்சுலின் ஊசிதான். அதுக்கு முந்தி எதாவது தெரியுதான்னு பாருங்க" என்றார்.

டாக்டரே கூப்பிட்டு ஒப்படைத்த முதல் ஆள்! மோனிஷாவுக்குக் கால் தரையில் படவில்லை. பூவாத்தாளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். "பெரியம்மா, ராத்திரி தூக்கம் எப்படிங்க?" என்று தன் கணக்கில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"என்ன சாமி?"

"தூக்கம்ங்க, தூக்கம்!"

"கேக்கலையே சாமி."

அவ்வளவுதான். உற்சாகமும் தொண்டையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. "ராத்திரியெல்லாம் தூங்காம என்னங்க பண்றீங்க பெரியம்மா? ஊட்டுக்காரரோட எதாவது பிரச்சனையா?"

அத்தனை வரிசையும் ஒரே நேரத்தில் வாயை மூடியது. அந்தக் கூட்டம் அமைதியாகி மோனிஷா அதுவரை பார்த்ததில்லை. பிறகு பின்னால் ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, "சொல்லு பூவாத்தா, ராத்திரி என்ன பண்றே?" என்றாள். சிரிப்பு வாசல் வரைக்கும் போயிற்று.

பூவாத்தாள் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தார். மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவும் இல்லை. மாத்திரை உறை அங்கேயே கிடந்தது.

வரிசை முடிந்த பிறகு டாக்டர் ரஞ்சனி மேடத்தைக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மோனிஷாவுக்குத் தேவலை என்றிருக்கும்.

"மாத்திரை வாங்க வந்தவங்க மாத்திரை இல்லாம போயிருக்காங்க மேடம். இந்த ஊர்ல ஒருத்தர் வராம நின்னா, அவங்க பட்டறை ஆளுங்க அத்தனை பேரும் வராம நின்னுருவாங்க. இவங்களையெல்லாம் இங்க வரவெக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த சுகர் நாளுக்கு அந்தம்மா திரும்பி வரலைன்னா, நாம இதோட முடிச்சுக்கலாம்."

மோனிஷா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அழுகையும் சத்தமாகத்தான் வந்தது என்பதால் இன்னும் அழுதாள். தன் பயிற்சி போனால் போகட்டும். சரவணக்குமாரின் பயிற்சி, இனி வரப்போகிற பிள்ளைகளின் பயிற்சி, மேடம் ஏறி இறங்கிய அத்தனை படிகள், எல்லாம் தன் ஒரு வாயால் போகப்போகிறது. போதாததற்கு ஒரு பெரிய மனுஷியை ஊர் சிரிக்கவைத்துவிட்டோம்.

ரஞ்சனி மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழுது முடிச்சிட்டியா?"

"இல்லீங்க மேடம்."

"சரி, மீதியை அப்புறம் அழு. தப்பு நடந்துபோச்சு. இப்ப நீ பாக்கவேண்டியது உன்னையில்ல, அவங்களை. சுகர் ஏறிக் கிடக்கறவங்க மாத்திரை இல்லாம இருக்காங்க. மொதல்ல அது போய்ச் சேரணும்."

பூவாத்தாள் வேலை செய்யும் தறிப்பட்டறையை நர்ஸ் சொன்னார். டாக்டரிடம் கேட்டு மாத்திரை உறையை வாங்கிக்கொண்டு இருவரும் மறுநாளே கிளம்பினார்கள். வழியெல்லாம் மேடம் அழுத்தி அழுத்திச் சொன்னார்: வேலை செய்யுமிடம், நாலு பேர் இருப்பார்கள், மாத்திரையைக் கொடு, மன்னிப்புக் கேள், திரும்பி வா. ஒரு கேள்வி கேட்கக்கூடாது. ஒன்றுகூட.

பட்டறைக்குள் கால் வைத்ததும் ரஞ்சனி மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வரிசையாகத் தறிகள், ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை இங்குமங்கும் பறக்க, தரையே நடுங்கியது. பஞ்சுத்தூசி காற்றில் மிதந்தது. வாசலில் இருந்த பட்டறைக்காரரிடம் மோனிஷா உறையைக் காட்டி, பெரியம்மா ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டு வந்த மாத்திரை என்றாள். அவர் உள்ளே கைகாட்டினார்.

கடைசித் தறியில் பூவாத்தாள் நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தறிக்காரர்கள் எப்போதும் கத்திப் பேசுவார்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். சுவருக்கு வெளியேதான் அப்படி. பட்டறைக்குள்ளே யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் கேட்காது, தொண்டை கிழிந்துபோகும். முகத்துக்கு முகம் பார்த்து, சத்தமே எழுப்பாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்துப் பேசுவார்கள். எதிரே இருப்பவர் அதைக் கண்ணால் வாங்கிக்கொள்வார். தறி ஓட்டிய அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளிலிருந்தே மோனிஷாவுக்கு அது கைவந்த பேச்சு. வெளியே யாரிடமும் அப்படிப் பேச அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் தறியைச் சுற்றிப்போய் பூவாத்தாளுக்கு நேரெதிரே நின்றாள். உறையை நீட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. 'தப்புப் பண்ணிட்டேனுங்க பெரியம்மா. மன்னிச்சுக்குங்க.'

பூவாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். 'உனக்கு இது எப்புடித் தெரியும்?'

'தறிக்காரர் மகளுங்க. கந்தப்பன் மக.'

'அட, நம்ம புள்ளையா நீ!' பூவாத்தாள் உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நூல் தீர்ந்த நாடாவை எடுத்து, நூல் சுற்றிய வேறு தார்க்குச்சியை மாற்றினார். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. மோனிஷா விடைபெறத் திரும்பியபோது அவர் கையை நீட்டி நிறுத்தினார். பக்கத்துத் தறிக்காரிக்குத் தன் வாய் தெரியாதபடி முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

'ராத்திரி நான் தூங்கறதில்ல சாமி.'

மோனிஷாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் பத்துக் கேள்விகள் வந்தன. ஒன்றுகூடக் கேட்கக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய தடை, உதட்டைப் படிக்க வேண்டுமென்றால் கண்ணை எடுக்க முடியாது, தன் வாயை அசைத்தால் எதிரே ஓடுவது தவறிப்போகும். வகுப்பில் அத்தனை மாதம் வராதது அந்த இரைச்சலுக்குள் வந்துவிட்டது. அவள் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகவும் இல்லை.

'எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி தூக்கத்துல நெஞ்சுவலி வந்துச்சு. நான் பக்கத்துலயேதான் படுத்திருந்தேன், ஷிப்ட் முடிஞ்ச அசதி. அவரு எழுப்பினாராமா, எனக்குக் கேக்கலை. இந்தப் பாழாப்போன காது. தானா எந்திரிச்சுப்போயி பக்கத்து ஊட்டைத் தட்டி, அவிங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. நான் முழிச்சுப் பாக்கறேன், பாய் காலியாக் கெடக்குது.'

தறி நின்றது. ஓர் இழை அறுந்திருந்தது. பூவாத்தாள் குனிந்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

'அன்னையிலிருந்து காவல்தான். அவரு நெஞ்சு ஏறி எறங்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். கண்ணு சொருகினா ஒரு டீ, தொட்டுக்க ரெண்டு வர்க்கி. மறுபடி சொருகினா மறுபடி டீ. சக்கரை போட்டாத்தான் தூக்கம் போகுது. டாக்டர் தம்பிகிட்ட என்னன்னு சொல்றது? இதை நான் யாருகிட்டயும் வாயத் தொறந்து சொன்னதில்ல. சொன்னா நடந்துருமோன்னு பயம்.' சட்டென்று அவர் முகம் கலங்கியது. 'இப்பச் சொன்னது சொன்ன கணக்குல வராதில்ல சாமி? சத்தம் வரலையே?'

மோனிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. 'வராதுங்க பெரியம்மா' என்றாள். கொஞ்சம் பொறுத்து, 'எங்க மேடத்துகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லட்டுங்களா? வேற யாருக்கும் தெரியாது' என்றாள்.

பூவாத்தாள் நாடா போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சொல்லு. ஆனா சாமி, சத்தமா சொல்லிப்போடாதே.'

வெளியே வந்ததும் ரஞ்சனி மேடம் பிடித்துக்கொண்டார். "என்ன நடந்துச்சு? நீ பேசவே இல்லையே! அவங்க என்ன சொன்னாங்க?" மோனிஷா பதில் சொல்லாமல் வேகமாக நடந்தாள். டீக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, ஆற்றங்கரையில் ஆளில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அவள் சொல்லச் சொல்ல ரஞ்சனி மேடம் அவள் கையைப் பிடித்து உலுக்கினார்.

"வர்க்கி! டீ! மோனிஷா, இத்தனை மாத்திரை எழுதியும் எறங்காத சுகர் எங்க இருந்துச்சு பாரு!" மேடம் கூவிவிட்டார். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். மோனிஷா சந்தோஷத்தில் மேடத்தைப் போலவே விரலைத் திருப்பி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் காட்டினாள்.

டாக்டரிடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள். சபரிநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் ஒரு வருசமா ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டு எழுதித் தள்ளியிருக்கேன் பாருங்க. சரி, வந்தாங்கன்னா மொதல்ல அந்த டீயை நிறுத்தச் சொல்லிர்றேன்."

"அதை மட்டும் சொல்லிராதீங்க சார்" என்றார் ரஞ்சனி மேடம். "டீயை நிறுத்துன்னா, காவலை விட்டுரு, அவரு செத்தா சாகட்டும்னு சொல்ற மாதிரி அவங்களுக்கு. மொதல்ல அவங்க கண்ணு முன்னாடி அவரு நெஞ்சைப் பாருங்க. நீங்க பாத்து, நல்லா இருக்குதுன்னு நீங்க சொல்லணும். அப்புறம் நாங்க கொஞ்சம் கொஞ்சமா எறக்கறோம்."

டாக்டர் யோசித்தார். "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா அந்தம்மா மொதல்ல வரணுமே."

சுகர் நாள் வந்தது. வரிசை வந்தது. பூவாத்தாள் வரவில்லை. மோனிஷா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். குரலை அடக்கி, அவர்கள் கண்ணுக்கு நேரே வாயைக் காட்டி, நிதானமாகப் பேசினாள். காது மந்தமானவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவளுக்கே அது வியப்புத்தான். ஆனால் கண் வாசலிலேயே இருந்தது. சரவணக்குமார் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், வேண்டாம் என்றாள். டாக்டரும் நடுநடுவே வாசலை எட்டிப் பார்ப்பதை அவள் கவனித்தாள். வரிசை குறைந்தது. நர்ஸ் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். ரஞ்சனி மேடம் பையில் தன் சாமான்களை எடுத்துவைத்தார்.

அப்போதுதான் வாசலில் ஒரு சண்டை கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லைங்கறேன், என்னையை எதுக்குடி இழுத்துட்டு வாரே?"

"வாங்கன்னா வாங்க!"

ஷிப்ட் முடித்த கையோடு, தலையில் பஞ்சோடு, கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூவாத்தாள் உள்ளே வந்தார். மோனிஷா எழுந்து குதித்தாள். ஒரு கத்து கத்தத்தான் வாயைத் திறந்தாள். கடைசி நொடியில் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கணவர் வெள்ளியங்கிரி சங்ககிரியில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒல்லியான, முசுட்டு மனிதர். டாக்டர் அவரைப் படுக்கவைத்து, பூவாத்தாளைத் தலைமாட்டில் நிற்கவைத்து, இ.சி.ஜி. எடுத்தார். அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பார்த்தார். பிறகு பூவாத்தாளின் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "இப்ப நல்லா இருக்காருங்கம்மா. இந்த மாத்திரையை விடாம சாப்பிட்டு, சொல்றப்ப வந்து காட்டினாப் போதும். நீங்க முழிச்சிருக்கறதால இவரு நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உங்க உடம்புதான் கெடுது." பூவாத்தாள் 'ஆமாங்க' சொல்லவில்லை. "மறுபடி ஒருக்கா சொல்லுங்க" என்றார். டாக்டர் மறுபடி சொன்னார்.

மீதி வேலை பெஞ்சில் நடந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வரிசைக்கு முதுகு காட்டி, மோனிஷாவும் பூவாத்தாளும் உதட்டால் பேசிக்கொண்டார்கள். காவலை ஒரேயடியாக விடவேண்டியதில்லை என்று ரஞ்சனி மேடம் சொல்லித் தந்திருந்தார். நடுவில் ஒருமுறை எழுந்து பார்க்கலாம். தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டால் அது அதிர்ந்து எழுப்பும். பார்த்ததும் படுத்துவிட வேண்டும், டீ கூடாது. அது பழகிய பிறகு அந்த ஒருமுறையையும் விட்டுவிடலாம். முதல் வாரம் பூவாத்தாள் இரண்டு தடவை தோற்று, வர்க்கி தின்றதை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு தடவை. அதற்கடுத்த வாரம் போன் அதிர்ந்ததே தெரியாமல் தூங்கிவிட்டேன் என்று பயந்துபோய் வந்து சொன்னார். மோனிஷா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். புத்தகத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று அவள் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்ன ஒரு மாதம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பூவாத்தாளின் புதிய ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று சபரிநாதன் நாற்காலியைவிட்டு எழுந்து பெஞ்சுக்கே வந்துவிட்டார். "எறங்கிருச்சு! மேடம், நல்லா எறங்கிருச்சு! ஊசி வேண்டாம்!" அந்தக் கறாரான மனிதரின் குரல் அன்று மோனிஷாவின் குரலுக்குச் சமமாக இருந்தது. "அடுத்த பேட்ச் பிள்ளைங்களை எப்ப அனுப்பறீங்க? ரூம் ஒண்ணு காலி பண்ணித் தரட்டுங்களா?"

"ரூம் வேண்டாம் சார், பெஞ்சே போதும்" என்றார் ரஞ்சனி மேடம்.

பூவாத்தாள் மாத்திரை வாங்க ஜன்னலுக்குப் போனார். கூட வந்திருந்த வெள்ளியங்கிரி, மனைவி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு மெல்ல வந்து மோனிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, அவ இப்ப கொறட்டை உடறா தெரியுமா?"

"நல்லதுதானுங்களே பெரியப்பா."

"நல்லதுதான்." கொஞ்ச நேரம் அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மோனிஷா எதுவும் கேட்கவில்லை. "அந்த ரெண்டு வருசமும் நானுந்தான் தூங்கலை" என்றார் அவர், மெதுவாக. "அவ குத்தவெச்சு உக்காந்து என்ற நெஞ்சையே பாக்கறது எனக்குத் தெரியாமலா? மூச்சு கொஞ்சம் முன்னப்பின்ன போனாலும் பதறிப்போறா. பொரண்டு படுத்தாக்கூட ஓடியாந்து தொட்டுப் பாக்கறா. அதனால கண்ணை மூடிக்கிட்டு, மூச்சை ஒரே சீரா உட்டுக்கிட்டு, அசையாம படுத்திருப்பேன். விடியற வரைக்கும். வருசக்கணக்கா லாரி ஓட்டினவன், முழிச்சிருக்கறது எனக்கென்ன புதுசா? அவ நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

பிரஷர் பட்டையை எடுத்த மோனிஷா அதைச் சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் தூங்கறேன்னு நெனச்சு அவ முழிச்சிருந்திருக்கா, அவ முழிச்சிருக்காளேன்னு நான் தூங்காம கெடந்திருக்கேன்" என்றார் வெள்ளியங்கிரி. சிரிக்கப்பார்த்தார், முடியவில்லை. "இதை அவகிட்ட சொல்லிராத சாமி. கேட்டா மனசு ஒடஞ்சுபோவா."

பூவாத்தாள் உறையோடு திரும்பி வந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றாரு இவரு?"

மோனிஷா வெள்ளியங்கிரியின் சட்டைக் கையை மடித்துவிட்டு, பட்டையைச் சுற்றினாள்.

"ஒண்ணுமில்லீங்க பெரியம்மா. நல்லாத் தூக்கம் வருதாமா."